காலையில் போய் மாலையில் திரும்பும் தீவுகள்

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் கரும்பலகையில் நான்கு அலகுகள் வரைவேன். தடித்த அலகு, கூரிய அலகு, நீண்ட அலகு, சிறிய அலகு. "கலாபகஸ் தீவுகளில் இந்தக் குருவிகளின் அலகுகளைப் பார்த்த டார்வின், உயிரினங்கள் மாறுகின்றன என்று அங்கேயே புரிந்துகொண்டார்" என்று சொல்வேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் எழுதிவிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின.

எங்கள் பள்ளி இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். சென்ற ஆண்டு இதே பாடத்தில், கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"டீச்சர், ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் எவ்வளவு தூரம்? இங்க குருசடைத் தீவுக்குக் காக்கா காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துருது. அந்தக் குருவி மட்டும் ஏன் பறந்து போகல? பறந்து போயிருந்தா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தீவுகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்பதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று உட்காரச் சொன்னேன். அன்று மாலை தேடிப் படிக்க உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த டார்வின் கதையே தவறு.

அந்த ஒரு கேள்வியிலிருந்து ஐந்து பாடவேளைகள் பிறந்தன. மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே பகிர்கிறேன்.

கப்பலா, தினப்பயணமா?

மாணவர்களைத் தீவுகளுக்கு "அழைத்துச் செல்வது" என்று முடிவு செய்தேன். பணம் கொடுத்துப் போக முடியாது, வரைபடத்தில் போகலாம். உண்மையில் அங்கே செல்பவர்கள் எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்த்தேன். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கப்பல். ஒரு வாரம், பத்து நாள் கப்பலிலேயே தங்கி, உண்டு, உறங்கித் தீவு தீவாகப் போவது. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லை. மற்றொன்று, மக்கள் வாழும் ஊரில் அறை எடுத்துத் தங்கி, காலையில் படகில் ஒரு தீவுக்குப் போய் மாலையில் திரும்புவது. நான்கு தீவுகளில் ஊர்கள் உள்ளன: சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, ஃபுளோரியானா. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவற்றில் வாழ்வோர் 25,000 பேருக்குச் சற்று அதிகம்.

முதலில் கப்பல் வழியையே எடுக்க நினைத்தேன். நாளுக்கு ஒரு தீவு, ஆசிரியருக்கு எளிது. ஆனால் கப்பல்கள் பெரும்பாலும் இரவில்தான் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகின்றன. பயணி தூங்கி எழும்போது அடுத்த தீவு கண்ணெதிரே நிற்கும். இடையில் இருந்த கடலை அவர் பார்ப்பதே இல்லை. என் மாணவி கேட்டதோ அந்தக் கடலைப் பற்றித்தான். அதனால் தினப்பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு நாளும் கடலைக் கடந்து போக வேண்டும், கடந்து வர வேண்டும். தூரம் என்ன என்பது உடம்புக்கே தெரியும்.

தேவையானவை

சுண்ணாம்புத் தூள், கயிறு, உலக வரைபடம், உயிரினப் படங்கள் ஒட்டிய சிறு அட்டைகள், குழுவுக்கு ஒரு குறிப்பேடு. இவ்வளவுதான். படங்களைப் பள்ளிக் கணினியிலிருந்து அச்செடுத்தேன்.

முதல் நாள்: மைதானத்தில் பசிபிக்

வகுப்பு மைதானத்தில் தொடங்கியது. ஒரு தப்படி 10 கிலோமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டோம். கிழக்கு ஓரத்து வேப்பமரம் தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டுக் கரை. அங்கிருந்து மேற்கே 100 தப்படி நடந்தால் கலாபகஸ். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். மாணவர்கள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்கள். நடுவில் நிற்கச் சொல்லி, "இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, கடல்தான்" என்றார்கள். இந்த அளவில் நம் குருசடைத் தீவு பாம்பன் கரையிலிருந்து ஒரு தப்படிக்கும் உள்ளேதான் இருக்கும் என்றதும் சிரிப்பு எழுந்தது.

பிறகு சுண்ணாம்புத் தூளால் பெரிய தீவுகளை வரைந்தோம். மொத்தம் 13 பெரிய தீவுகள். சிறு தீவுகளும் பாறைகளும் பல. நடுவில் சாந்தா குரூஸ், கிழக்கில் சான் கிறிஸ்டோபல், மேற்கில் கடற்குதிரை வடிவில் இசபெலா, அதற்கும் மேற்கே ஃபெர்னாண்டினா. எல்லாமே கடலடி எரிமலைகள் எழுப்பியவை. எந்தக் காலத்திலும் கண்டத்தோடு ஒட்டியிருந்தவை அல்ல. பூமியின் அடியில் வெப்பம் மேலெழும் இடம் ஏறக்குறைய நிலையாக இருக்க, மேலே நாஸ்கா புவித்தட்டு கிழக்கு நோக்கி நகர்கிறது. அதனால் கிழக்குத் தீவுகள் பழையவை, மேற்குத் தீவுகள் புதியவை. சான் கிறிஸ்டோபல், எஸ்பனோலா ஆகியவற்றின் வயது 30 முதல் 40 லட்சம் ஆண்டுகள் அளவில். ஃபெர்னாண்டினா எரிமலை 2024 மார்ச்சில்கூட வெடித்தது.

அடுத்து ஒரு கேள்வி வைத்தேன். "வெறும் எரிமலைப் பாறை. சுற்றிலும் 1,000 கிலோமீட்டர் கடல். இங்கே யார் யார் வந்து சேர முடியும்?"

பட்டியல் உடனே வந்தது. பறவைகள் பறந்து வரும். விதைகள் காற்றிலும் பறவையின் வயிற்றிலும் வரும். வெள்ளத்தில் அடித்துவரும் மரங்களில் தொற்றிக்கொண்டு பல்லி, ஓணான் வரும். ஆமை மிதக்கும். "நீவாடு இந்தப் பக்கம் இழுத்தா எல்லாம் வந்து சேரும் டீச்சர்" என்றான் ஒருவன். நாம் நீரோட்டம் என்று பாடத்தில் எழுதுவதை எங்கள் பிள்ளைகள் நீவாடு என்பார்கள்.

"தவளை?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "உப்புத் தண்ணியில செத்துரும்" என்று பதில் வந்தது. சரியான பதில். கலாபகஸில் இயற்கையாக வாழ்ந்த தவளை இனம் எதுவும் கிடையாது. தரை வாழ் பாலூட்டிகளிலும் சில எலி இனங்களும் வௌவால்களும் மட்டுமே தாமாக வந்து சேர்ந்தவை. ஊர்வனதான் அங்கே பெரிய விலங்குகள். இதை நான் எழுதிப் போட்டிருந்தால் ஒரு வரிக் குறிப்பாகப் போயிருக்கும்.

இரண்டாம் நாள்: சாந்தா குரூஸ்

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் தன் பயணத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்: எந்த ஊரில் தங்கினோம், எங்கே போனோம், எவ்வளவு நேரம், என்ன பார்த்தோம், என்ன விதி.

முதல் குழு விமானத்தில் பால்ட்ரா தீவில் இறங்கி, சாந்தா குரூஸின் புவெர்ட்டோ அயோரா ஊரில் தங்கியது. விதிகளிலிருந்து தொடங்கினார்கள். தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு 1959இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா. வெளிநாட்டுப் பயணிக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலராக இருந்தது. 2024 ஆகஸ்டு முதல் 200 டாலர். விதையோ பூச்சியோ வந்துவிடாமல் பைகளைச் சோதிக்கிறார்கள். விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

"விலங்கே நம்ம பக்கத்துல வந்தா?" என்று ஒரு கேள்வி. வரத்தான் செய்யும். மனிதரைக் கண்டு அஞ்சாத விலங்குகள் அவை. அயோரா மீன் சந்தையில் மீன் வெட்டும் மேசைக்கு அருகே கடல் சிங்கமும் கூழைக்கடாவும் பங்குக்கு நிற்கும் படத்தைக் காட்டினேன். "எங்க ஊர்ல பூனை நிக்கிற மாதிரி" என்றார்கள். பயணிதான் பின்னால் நகர வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு.

அந்தக் குழு ஒரு நாள் தீவின் மேட்டு நிலத்துக்குப் போனது. ஈரமான, பசுமையான பகுதி. அங்கே ராட்சத ஆமைகள் புல் மேய்கின்றன. அவற்றின் ஓடு குடம் கவிழ்த்ததுபோல உருண்டையாக இருக்கும். மறுநாள் படகில் வடக்கு சீமோர் தீவு. நீலக்கால் பூபிகள் நடனமாடித் துணை தேடும் இடம் அது. ஆண் ஃபிரிகேட் பறவைகள் தொண்டைப் பையைச் சிவப்புப் பலூன்போல ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடல் இகுவானாவுக்கு அதிக வரவேற்பு கிடைத்தது. கடலில் மூழ்கிப் பாசி மேயும் ஒரே ஓணான் இனம் அது. உடலில் சேரும் உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சித் தள்ளும். மாணவர்கள் இதை நடித்தும் காட்டினார்கள்.

மூன்றாம் நாள்: இரண்டு மணி நேரக் கடல்

இரண்டாம் குழு சாந்தா குரூஸிலிருந்து இசபெலாவுக்கும், மூன்றாம் குழு சான் கிறிஸ்டோபலுக்கும் போயின. ஊருக்கு ஊர் வேகப்படகுகள் ஓடுகின்றன. இரு திசையிலும் தூரம் சுமார் 80 கிலோமீட்டர், நேரம் ஏறக்குறைய 2 மணி. இங்கே கணக்குப் பாடம் தானாக நுழைந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். "எங்கப்பா வல்லம் பத்து, பன்னெண்டுதான் போகும்" என்று ஒருவன் சொல்ல, 80 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். ஏழு, எட்டு மணி நேரம் வந்தது. "அப்ப அது பக்கத்துத் தீவு இல்ல டீச்சர்" என்றான். வரைபடத்தில் விரல்நுனி தூரத்தில் இருந்த தீவுகள் அந்தக் கணமே விலகிப் போயின.

ஆண்டின் பிற்பாதியில் தென்கிழக்குக் காற்று வலுக்கும்போது இந்தப் படகில் போகிறவர்கள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோவது வழக்கம். இரவில் கப்பலில் தூங்கிப் போகிறவருக்கும் அலை தெரியும். ஆனால் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வெறும் கடலையே பார்த்துக்கொண்டு போவது வேறு. ஒரு சிறு குருவி இதை ஏன் விரும்பிக் கடக்காது என்று மாணவர்களே பேச ஆரம்பித்தார்கள். நான் குறுக்கிடவில்லை.

இசபெலா குழு சியரா நெக்ரா எரிமலையின் அகன்ற வாயைப் பார்த்தது. லாஸ் டூனெலெஸ் என்ற இடத்தில் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான வளைவுகளுக்கு அடியே நீந்தியது. பென்குயினையும் பார்த்தது. நிலநடுக்கோட்டில் பென்குயினா என்ற கேள்விக்கு விடை கடலடியில் இருக்கிறது: தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும், மேற்கிலிருந்து ஆழத்தில் வந்து மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் அந்தக் கடலைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. அந்த நீர் கொண்டுவரும் சத்துகளால் மீன் பெருகுகிறது.

நான்காம் நாள்: காற்று நடத்திய பாடம்

நான்காம் குழு சான் கிறிஸ்டோபலிலிருந்து எஸ்பனோலாவுக்குத் தினப்பயணம் போனது. உலகிலுள்ள அலைவரி அல்பட்ராஸ் பறவைகள் ஏறக்குறைய எல்லாமே ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கூடு கட்ட வருவது இந்தத் தீவுக்குத்தான். அங்குள்ள ஆமையின் ஓடு வேறு மாதிரி. முன்பக்கம் குதிரைச் சேணம்போல மேலே வளைந்திருக்கும். வறண்ட தீவில் உயரத்தில் இருக்கும் கள்ளியை எட்டித் தின்னக் கழுத்தை நீட்ட வேண்டும். ஒரு காலத்தில் அந்த இனத்தில் தீவில் எஞ்சியவை 14 ஆமைகள். அவற்றை சாந்தா குரூஸ் வளர்ப்பு மையத்துக்குக் கொண்டுவந்து, அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலை ஒன்றிலிருந்து டியாகோ என்ற ஆணையும் சேர்த்து இனம் பெருக்கினார்கள். 2020 ஜூனில் அந்த 15 ஆமைகளும் வீடு திரும்பின. அதற்குள் அவற்றின் வாரிசுகள் பெருமளவில் தீவில் வாழத் தொடங்கியிருந்தன.

ஐந்தாம் குழு ஃபுளோரியானாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது ஒரு விபத்து. கடற்காற்று ஜன்னல் வழியாக ஒரு வீச்சு வீசியது. மேசையில் குழுவாரியாக வைத்திருந்த உயிரின அட்டைகள் அத்தனையும் பறந்து தரையில் கலந்துவிட்டன. பொறுக்கிக் கொடுத்தார்கள். எந்த அட்டை எந்தத் தீவுடையது? அட்டையில் உயிரினத்தின் பெயர், அது செய்துகொண்டிருந்த செயல், பார்த்தவர் பெயர் என மூன்றும் எழுதச் சொல்லியிருந்தேன். தீவின் பெயருக்கு இடம் விட நான்தான் மறந்திருந்தேன்.

ஆமைகளை மாணவர்கள் பிரித்துவிட்டார்கள். உருண்டை ஓடு சாந்தா குரூஸ், சேண ஓடு எஸ்பனோலா. குருவிகளைப் பிரிக்க முடியவில்லை. மாக்கிங்பேர்டு அட்டைகளில் சண்டையே வந்தது. "இது எங்களது", "இல்ல, எங்களது." எல்லாமே சாம்பல் நிறப் பறவை.

அப்போதுதான் சொன்னேன். "இதே தவறைத்தான் டார்வினும் செய்தார்." வகுப்பு அமைதியானது.

பீகிள் கப்பல் 1835 செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 20 வரை, ஐந்து வாரங்கள் இந்தத் தீவுகளில் இருந்தது. டார்வினுக்கு வயது 26. அவர் கரையில் கழித்தது ஏறக்குறைய அதில் பாதி நாள்கள்தான். இறங்கிய தீவுகள் நான்கு: சான் கிறிஸ்டோபல், ஃபுளோரியானா, இசபெலா, சாந்தியாகோ. தீவின் துணை ஆளுநராக இருந்த நிக்கோலஸ் லாசன், ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தீவுகளில் சேகரித்தவற்றை அதற்குள் ஓரளவு கலந்துவிட்டதாகப் பின்னர் அவரே எழுதினார். கப்பலில் உணவுக்காக ஏற்றிய ஆமைகளைத் தின்று, ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். குருவிகளை எந்தத் தீவில் பிடித்தார் என்று அவர் ஒழுங்காகக் குறிக்கவில்லை. அவை அனைத்தும் நெருங்கிய உறவுள்ள குருவிகள் என்பதே அவருக்கு அங்கே தெரியாது. 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. பிறகு கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் முதலிய மற்றவர்கள் தீவின் பெயரோடு சேகரித்து வைத்திருந்த குருவிகளைக் கொண்டு தன் குறையைச் சரிசெய்ய முயன்றார்.

அவருக்கு முதல் ஐயத்தைக் கொடுத்தது மாக்கிங்பேர்டு. இரண்டாவது தீவில் அது சற்று வேறாக இருப்பதைக் கவனித்து, அதை மட்டும் தீவுவாரியாகக் குறித்து வைத்தார்.

"நான் இத்தனை வருஷமா உங்க அண்ணன் அக்காவுக்கெல்லாம் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "டார்வினே மறந்திருக்காரு டீச்சர், பரவால்ல" என்றான்.

அந்த நேரத்தில் கடைசி வரிசை மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு நாளும் எந்தக் குழு எந்தத் தீவில் எதைப் பார்த்தது என்று தனக்காக எழுதி வைத்திருந்தாள். ஏன் எழுதினாய் என்று கேட்டேன். "எங்கப்பா எந்த இடத்துல என்ன மீன் கிடைச்சுதுன்னு எப்பவும் எழுதி வைப்பாங்க. இடத்தை எழுதலைன்னா அடுத்த தடவை எங்க போறதுன்னு தெரியாதாம்." அவள் நோட்டை வைத்து அட்டைகளைத் தீவுவாரியாக அடுக்கினோம்.

அவள் கேள்விக்கு விடை

அவள் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அன்றுதான் விடை சொல்ல முடிந்தது. குருவி கடலைக் கடக்குமா? கடக்கும், எப்போதாவது.

சாந்தா குரூஸுக்கு வடக்கே டாஃப்னி மேஜர் என்று ஒரு சிறு தீவு. அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் அங்குள்ள ஃபின்ச் குருவிகளுக்கு வளையம் மாட்டி, அலகை அளந்து ஆராய்ந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. சிறிய விதைகள் தீர்ந்துபோக, பெரிய கடின விதைகளை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பெரிதானது. 1983இல் எல் நினோ பெருமழைக்குப் பிறகு சிறிய விதைகள் பெருகின, போக்கு திரும்பியது. பரிணாமம் லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த கதை இல்லை. ஓர் ஆசிரியரின் பணிக்காலத்துக்குள் அளந்து பார்க்கக் கூடியது.

1981இல் அந்தத் தீவுக்குப் புதிதாக ஓர் ஆண் குருவி வந்தது. உருவமும் பெரிது, பாட்டும் வேறு. அது 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலாவிலிருந்து வந்தது என்று பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது. அது உள்ளூர்க் குருவியோடு இணை சேர்ந்தது. அதன் வாரிசுகள் தமக்குள்ளேயே இணை சேர்ந்து தனி வழித்தோன்றலாகின. இந்த ஆய்வு 2017இல் வெளியானது.

கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதினேன்.

குருவி தினமும் கடந்தால், எல்லாத் தீவிலும் ஒரே குருவி.
ஒருபோதும் கடக்காவிட்டால், தீவில் குருவியே இல்லை.
எப்போதாவது கடந்தால், தீவுக்குத் தீவு வேறு குருவி.

"அப்ப நம்ம காக்கா?" என்று அவளே கேட்டாள். "முதல் வரி" என்று பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள். தனிமைப்படுத்தல் என்ற கலைச்சொல்லை அதன் பிறகே எழுதிப் போட்டேன்.

ஐந்தாம் நாள்: விவாதம்

கடைசிப் பாடவேளையில் விவாதம் வைத்தேன். தீவுகளுக்கு எது நல்லது, கப்பலா தினப்பயணமா?

தினப்பயண அணி சொன்னது: ஊரில் தங்கினால் விடுதி, உணவகம், படகு எனப் பணம் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போகும். தீவு மக்களோடு பேசலாம். உடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் கரையில் இருந்துவிடலாம். செலவும் குறைவு.

கப்பல் அணி விடவில்லை. ஜெனோவேசா, டார்வின், உல்ஃப் போன்ற தொலைத் தீவுகளுக்குத் தினப்பயணமாகப் போய்வர முடியாது. பறக்காத நீர்க்காகம் ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் தொலைக் கரைகளிலும் மட்டுமே இருக்கிறது. ஊரில் தங்குபவருக்கு அது எளிதில் கிடைக்காது. நாளில் பாதி படகிலேயே போகிறது. அதைவிட முக்கியமாக, கப்பல்களின் இடங்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஊர் விடுதிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. ஆட்கள் கூடினால் குடிநீர், குப்பை, கண்டத்திலிருந்து வரும் சரக்கு எல்லாம் கூடும். சரக்கோடு பூச்சியும் வரும். மனிதரோடு வந்து சேர்ந்த ஒரு வகை ஈயின் புழுக்கள் இன்று கூட்டிலுள்ள ஃபின்ச் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. மனிதர் கொண்டுவிட்ட ஆடுகள் ஆமைகளின் மேய்ச்சலை அழித்ததால், சாந்தியாகோவிலிருந்தும் வடக்கு இசபெலாவிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்ற வேண்டியிருந்தது. 1978இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இத்தீவுகள் 2007 முதல் 2010 வரை ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் இருந்தன.

விவாதம் எங்கள் ஊருக்குத் திரும்பியது நான் திட்டமிடாதது. 1990களில் கலாபகஸில் கடல் அட்டை பிடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தபோது மீனவர்கள் போராடினார்கள். 1995இல் சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டார்கள் என்று சொன்னேன். "அங்கயும் அட்டைதானா?" என்று பல குரல்கள். இந்தியாவில் 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்ததும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானதும் அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. "ஆமைக்கு இருக்கிற பாதுகாப்பு ஆளுக்கு இல்லைன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றான் ஒருவன். "அட்டை மொத்தமும் போயிட்டா அப்பவும் நமக்குத்தானே இல்ல?" என்றாள் இன்னொருத்தி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டேன்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

ஐந்து பாடவேளை கிடைக்காவிட்டால் முதல் நாளையும் நான்காம் நாளையும் மட்டும் நடத்தலாம். அட்டையில் தீவின் பெயருக்கு வேண்டுமென்றே இடம் விடாதீர்கள். காற்றுக்குக் காத்திருக்காமல் நீங்களே கலைத்துவிடலாம். தொடக்க வகுப்புகளில் தப்படி நடையும் "யார் வந்து சேர முடியும்?" கேள்வியும் போதும். சமூக அறிவியல், கணக்கு ஆசிரியர்களும் சேர்ந்தால் நீரோட்டமும் வேகக் கணக்கும் அவரவர் பாடத்திலேயே முடிந்துவிடும். கடல் இல்லாத ஊர் என்றால் கண்மாய்களை, மலைகளை, ஒரு பெரிய வயலின் நடுவே நிற்கும் தனி மரங்களைத் தீவுகளாக எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த கேள்வி ஒன்றுதான்: "கலாபகஸ் தீவுகளுக்கு இடையே நாளை ஒரு பாலம் கட்டினால், நூறு தலைமுறைக்குப் பின் அங்கே என்ன ஆகும்? காரணத்துடன் எழுதுக." எலியும் பூனையும் தீவுக்குத் தீவு போய்விடும் என்று ஒருவன் எழுதியிருந்தான். ஆமைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று சிலர் எழுதினார்கள். பாம்பன் பாலத்தில் நாய் நடந்து போவதைப் பார்த்ததாகவும் ஒரு விடைத்தாளில் இருந்தது.

இப்போது எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் ஒரு நீண்ட நோட்டு தொங்குகிறது. கடற்கரையில் காணும் பறவைகளை மாணவர்கள் அதில் எழுதுகிறார்கள். முதல் கட்டம் தேதி, இரண்டாவது கட்டம் இடம், மூன்றாவதுதான் பறவையின் பெயர். கட்டங்களை அந்த வரிசையில் வரைந்து கொடுத்தது கடைசி வரிசை மாணவி.